பார்க்கலாம் என்று சொன்னேன்

நைனா,

முதலில் சாப்பிட்டு முடி. பிறகு இதைப் படி. சாப்பாட்டுப் பையின் அடியில், ரசம் சிந்தினாலும் நனையாதபடி பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருக்கிறேன். கத்தரிக்காயில் உப்பு கொஞ்சம் தூக்கலாக இருக்கும், பொறுத்துக்கொள். கை அடுப்பில் இருந்தாலும் மனசு இந்தக் காகிதத்தில்தான் இருந்தது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு எதற்குக் கடிதம் என்று கேட்பாய். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து மூன்று தடவை உன் அறை வாசல் வரைக்கும் வந்தேன். மூன்று தடவையும் "டீ போடட்டா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன். நீயும் மூன்று டீ குடித்தாய். இப்படியே போனால் வெள்ளிக்கிழமை வந்துவிடும், உன் வயிறும் கெட்டுவிடும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். நீ வேலைக்குக் கிளம்பிய பிறகு இரண்டு மத்தியானம் எழுதினேன். பத்தாவதோடு நின்றவள் எழுத்து, பிழை இருந்தால் சிரிக்காதே.

ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டது ஒரே ஒரு கேள்வி. "யம்மா, கோயம்புத்தூர்ல மறுபடியும் சீட்டு கெடச்சிகீது. அதே கவுன்சலிங் படிப்பு, ரெண்டு வருசம். வெள்ளிக்கெழமக்குள்ள வரேனா இல்லியான்னு சொல்லணும். வேலய வுட்ரட்டா?" நான் முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தவே இல்லை. "பாக்கலாம் நைனா" என்றேன். நீ "செரிம்மா" என்றாய். அன்று சாயங்காலம் ஆறு சட்டையையும் எடுத்துப் போட்டு, வாரம் முழுக்கப் போட்டுக்கொள்ள இஸ்திரி போட்டாய். காலர், கை, முதுகு என்று ஒவ்வொன்றாய் நீ தேய்ப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான்கு வருஷத்துக்கு முன்னாலும் இதையேதான் சொன்னேன், நீயும் இதேபோலத்தான் சட்டைக்கு இஸ்திரி போட்டாய்.

உனக்கு ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ, எனக்கு இருக்கிறது. ஆவடி குவார்ட்டர்ஸில் நமக்குப் பக்கத்து வீட்டுப் பையனோடு நீ தண்ணீர்த் தொட்டி மேல் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாய். உனக்கு எட்டு வயசு. சைக்கிள் கேட்டிருந்தாய், நான் வழக்கம்போல "பாக்கலாம்" என்று சொல்லியிருந்தேன். அவன் உன்னிடம், "உங்கம்மா வாங்கித் தருமாடா?" என்று கேட்டான். நீ பெரிய மனுஷன் மாதிரி விளக்கினாய்: "எங்கம்மா செரின்னா செரி. கூடாதுன்னா, அழுதா கெடைக்கும். பாக்கலாம்னா மறந்துடணும்." ஜன்னலுக்கு உள்ளே நின்று நானும் உன் அப்பாவும் கேட்டோம். அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், லுங்கியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு சிரித்தார். அந்த மாசமே சைக்கிள் வாங்கி வந்தவரும் அவர்தான். என்னைக் கேட்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது, ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. இன்று நினைத்தால், மனசைப் படிக்கிற படிப்பை நீ கல்லூரியில் போய்க் கற்றுக்கொள்ளவே இல்லை, என் சமையலறை ஜன்னலுக்கு வெளியே உட்கார்ந்துதான் கற்றுக்கொண்டாய் என்று தோன்றுகிறது.

அந்த வார்த்தையை நான் வேலை செய்த இடத்திலும் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். ராணுவத்துக்குச் சட்டை தைக்கிற தொழிற்சாலையில் செக்கிங் மேஜை என்னுடையது. நல்ல பீஸ் வலது பக்கம். தையல் பிசகினது இடது பக்கம், அது ஆல்டருக்கு, பிரித்துத் தைக்க, திரும்பப் போகும். இரண்டிலும் சேராத சில பீஸ் வரும். பாக்கெட் ஒரு நூல் அளவு சாய்ந்திருக்கிற மாதிரியும் இருக்கும், இல்லாத மாதிரியும் இருக்கும். அதைப் பாஸ் பண்ணினால் நாளைக்கு என் தலை உருளும். திருப்பி அனுப்பினால் தைத்த பெண் முகம் சுருங்கும். நான் என்ன செய்வேன் தெரியுமா? "பாக்கலாம்" என்று மேஜைக்கு அடியில் போட்டுவிடுவேன். பக்கத்து மேஜை வசந்தா அதைப் பார்த்துவிட்டு, "யக்கா, மேல கீறது உன் மேஜ, கீழ கீறது உன் பயம்" என்று கிண்டல் பண்ணுவாள். மாசக் கடைசியில் குனிந்து எடுத்தால் எல்லாம் கசங்கி, மேலே தூசி படிந்திருக்கும். நல்ல பீஸ்களையும் அப்படிக் கெடுத்திருக்கிறேன். ஓய்வு பெறும்போது எனக்கு மாலை போட்டு நல்ல செக்கர் என்று பேசினார்கள். வசந்தா மட்டும் குனிந்து மேஜைக்கு அடியில் எட்டிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

பன்னிரண்டாவது முடித்துவிட்டு நீ சைக்காலஜி படிக்கப் போகிறேன் என்று சொன்ன நாளும் அப்படித்தான். குவார்ட்டர்ஸில் உன் வயசுப் பிள்ளைகள் பாதிப் பேர் இன்ஜினியரிங், மீதிப் பேர் அப்ரண்டிஸ் தேர்வு. நான் "பாக்கலாம்" என்று ஆரம்பிப்பதற்குள் உன் அப்பா, டேங்க் ஃபேக்டரியில் இருந்து அப்போதுதான் வந்தவர், கையில் கிரீஸ் கூடக் கழுவாமல், "படிக்கட்டும் வுடு. நான் பாத்தது எல்லாம் இரும்பு. அவனாவது ஆளப் பாக்கட்டும்" என்றார். அவர் ஒரு வார்த்தையில் முடித்துவிட்டார். நான்தான் மூன்று வருஷம் ஊரில் யார் கேட்டாலும் "பி.எஸ்சி." என்று மட்டும் சொல்லிவிட்டு மீதியை முழுங்கினேன். "பி.எஸ்சி. இன்னா?" என்று விடாமல் கேட்டால் "அதான், சயின்ஸ்" என்பேன். பையன் பைத்தியத்துக்குப் படிக்கிறானா என்று கேட்டுவிடுவார்களோ என்று பயம். ஒருத்தி கேட்டும்விட்டாள். அவளோடு இன்றுவரைக்கும் எனக்குப் பேச்சு வார்த்தை இல்லை; ஆனால் உன் படிப்பின் பெயரை வாய் திறந்து சொல்லி அவளிடம் சண்டை போடவும் எனக்குத் தைரியம் வரவில்லை. இதை உன்னிடம் மறைத்தேன். மன்னித்துவிடு.

என் வாயை அடைத்தவள் வசந்தாதான். உன் இரண்டாம் வருஷத்தில் ஒரு நாள் நேராக வீட்டுக்கு வந்து நின்றாள். "நைனா, நீ மன்சு டாக்டருக்குப் படிக்கிறியாமே. எங்க ஊட்டுக்காரரு ரிட்டேர் ஆனதிலருந்து தூங்கறதே இல்ல, ஒயுங்கா சாப்பட்றதும் இல்ல. ஒரு மாத்திர எய்திக் குடு." எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனால் நீ பதறவில்லை. "நான் டாக்டர் இல்ல ஆன்ட்டி. மாத்திர எழுதுறதுக்கு வேற டாக்டருங்க கீறாங்க, நானே கூட்டிகினு போறேன். அதுக்கு முன்னாடி மாமாகிட்ட சும்மா ஒக்காந்துகினு இருக்கட்டா?" என்றாய். அந்த மனுஷன் வாயே திறக்காதவர். அவரோடு ஒரு வாரம் சாயங்காலம் சாயங்காலம் மைதானத்துச் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தாய். ரயில் போவதைப் பார்த்துக்கொண்டு இரண்டு பேரும் சும்மா இருந்தீர்களாம். ஐந்தாம் நாளோ என்னவோ அவராகவே, காலையில் ஃபேக்டரிச் சங்கு ஊதினால் கால் தானாகக் கிளம்புகிறது, போக இடமில்லை என்று சொன்னாராம். பிறகு நீயே அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் டாக்டரிடம் காட்டினாய். அவர் தேறிவிட்டார், இப்போது பேத்தியைப் பள்ளிக்கூடத்துக்கு விட்டுவிட்டு வருகிறார். நீ அவருக்குப் பெரிதாக என்ன சொன்னாய் என்று வசந்தாவிடம் கேட்டேன். "ஒண்ணும் சொல்லலக்கா. அவசரப்படாம கேட்டுகினு இருந்துச்சாம் புள்ள" என்றாள்.

அடுத்த வருஷம் உன் அப்பா போய்விட்டார். குவார்ட்டர்ஸைக் காலி செய்து, நசரத்பேட்டையில் என் அப்பா விட்டுப்போன இந்த இரண்டு அறை வீட்டுக்கு வந்தோம். ஒரு காலத்தில் என் அம்மாவும் அப்பாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்ட இடம். அதன்மேல் இப்போது கல்யாண மண்டபமும் லாரி நிற்கிற இடமும் இருக்கின்றன. நீ பட்டம் வாங்கி வந்து, தினக்காலண்டரில் ஒரு தாளைக் கிழித்து அதன் பின்பக்கம் எழுதிக் காட்டினாய். இந்தப் படிப்பை வைத்துக்கொண்டு என்னென்ன செய்யலாம் என்று கிளை கிளையாய். கம்பெனியில் ஹெச்.ஆர்., உடனே சேரலாம். விளம்பரத்துக்காக ஜனங்களிடம் கேள்வி கேட்டு எழுதுகிற வேலை, அதுவும் உடனே. குடியை நிறுத்த வைக்கிற மையத்தில் உதவியாளர். கற்றல் சிரமம் உள்ள பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது, அதற்குத் தனியாக ஒரு பயிற்சி. பள்ளிக்கூடத்திலோ கல்லூரியிலோ கவுன்சலர், அதற்கு மேல்படிப்பு. ஆஸ்பத்திரியில் உட்கார வேண்டுமானால் இன்னும் மேலே படித்துப் பதிவும் பண்ண வேண்டும். அரசுத் தேர்வு எழுதலாம், அதற்கு எந்தப் பட்டமும் போதும். கடைசியில் ஒரு மூலையில் சின்னதாக "போலீஸ், அம்மா சந்தோஷத்துக்கு" என்று எழுதியிருந்தாய். "இது மேல போறதுக்கு ஒரு படிக்கட்டும்மா. இதோட நின்னா இத மட்டும்தான் செய்யலாம், மேல ஏறுனா இத்தனையும் செய்யலாம்" என்று விரலால் கோடு இழுத்துக் காட்டினாய். எவ்வளவு பொறுமையாகச் சொன்னாய்.

நான் அந்தத் தாளை என்ன கண்ணோடு பார்த்தேன் என்று இன்று சொல்லிவிடுகிறேன். எதில் சம்பளம் என்று பார்க்கவில்லை. எதில் மரியாதை என்று பார்க்கவில்லை. எதற்குப் போனால் சாயங்காலம் ஏழு மணிக்குள் நீ நம் பஸ் ஸ்டாப்பில் வந்து இறங்குவாய் என்று மட்டும் பார்த்தேன். திருமழிசை இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஆள் எடுக்கிறார்கள் என்று அதே வாரம் கேள்விப்பட்டிருந்தேன். துணியில் குறி போடுகிற சாக்பீஸ் கையில் இருந்தது. ஹெச்.ஆர். என்கிற வார்த்தையைச் சுற்றி வட்டம் போட்டேன். அப்போதே கோயம்புத்தூரில் உனக்கு இடம் கிடைத்திருந்தது. ஹாஸ்டல் படிவத்தை என் முன்னால் வைத்து, பேனாவையும் மூடி கழற்றி வைத்தாய். "அந்தப் படிப்புல வேல ஏது, பாக்கலாம்" என்றேன். தேதி போய்விட்டது. நீ சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு திருமழிசைக்கு இன்டர்வியூ போனாய்.

வேலை ஏது என்று நான் கேட்டது பொய் நைனா. வாசலில் உன் அப்பா செருப்பு கழற்றுகிற சத்தம் நின்று போய் ஏழு மாசம்தான் ஆகியிருந்தது. உன் செருப்புச் சத்தமும் இல்லாவிட்டால் நான் என்ன பண்ணுவேன் என்று பயந்தேன். அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. அதனால் உன் படிப்பின்மேல் பழியைப் போட்டேன். கடைசித் தேதி போன மறுநாள், நீ வெளியே போயிருந்தபோது, அந்தப் படிவத்தை எடுத்துக் கையெழுத்துப் போட்டேன். எதற்குப் போட்டேன் என்று தெரியவில்லை. போட்டுவிட்டு என் கல்யாணப் புடவைக்கு அடியில் வைத்தேன். நான்கு வருஷமாய் அது அங்கேதான் இருக்கிறது.

நீ பார்க்கிற வேலையை நான் குறைவாகச் சொல்ல மாட்டேன். அங்கேயும் மனுஷர்கள்தான். கேன்டீன் சாம்பாரில் இருந்து லீவு வரைக்கும் உன்னிடம்தான் வருகிறார்கள் என்று தெரியும். அந்த வேலை உனக்குப் பிடித்திருந்தால் நான் இந்தக் கடிதத்தை எழுதியிருக்கவே மாட்டேன். ஆனால் போன மழைக்காலத்தில் நீ சாப்பாட்டை மறந்து போனாய் என்று பஸ் பிடித்து எடுத்துக்கொண்டு வந்தேன் அல்லவா, அன்று உன்னைப் பார்த்தேன். கம்பெனி கேட்டுக்கு வெளியே கல்வெர்ட்டுச் சுவரின் மேல் ஒரு ஆளோடு உட்கார்ந்திருந்தாய். அவர் கையில் ஒரு கவர் இருந்தது. நான் கொஞ்ச தூரத்திலேயே நின்றுவிட்டேன். வெகு நேரம் கழித்து அவர் எழுந்து பஸ் ஏறின பிறகுதான் உன்னிடம் வந்தேன். அன்று ராத்திரி நீ சாப்பிடவில்லை. யாருடா அது என்று கேட்டேன். "இனிமே வேலைக்கு வராதேன்னு லெட்டர் குடுத்தேன்மா. அது என் வேல. அப்புறம் வெளிய வந்து அவரு பக்கத்துல ஒக்காந்தேன் பாரு, அதுதான் நான் படிச்சது" என்று சொல்லிவிட்டுத் தட்டை நகர்த்தினாய். மோர் ஊற்றிக்கொடுத்தேன். மறுநாளும் உனக்குப் பையைக் கட்டி அனுப்பினேன்.

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் விட்டேன், நீயாகவே மறுபடியும் விண்ணப்பம் போட்டு, இடம் வாங்கி, மறுபடியும் என்னிடம் வந்து கேட்டாய். இருபத்தைந்து வயசு ஆம்பிளை, யாரையும் கேட்காமல் போயிருக்கலாம். என்னைக் கேட்கிறாயே என்று எனக்குப் பெருமையாகவும் இருந்தது, அழுகையாகவும் இருந்தது. அந்த நேரத்தில் என் வாயில் என்ன வந்தது பார். பழக்கம், வேறென்ன.

ஆகவே இப்போது பதில் சொல்கிறேன். வேலையை விடு. போய்ப் படி. நோட்டீஸ் எத்தனை நாள் கொடுக்க வேண்டும் என்று உனக்கே தெரியும், அதைப் பத்து பேருக்கு நீதான் சொல்லிக்கொடுக்கிறாய். அங்கே வகுப்பில் முக்கால்வாசிப் பேர் உன்னைவிடச் சின்னவர்களாக இருப்பார்கள், அதற்காகக் கூச்சப்படாதே. கேட்டுக்குள்ளேயும் வெளியேயும் உட்கார்ந்து பார்த்தவன் அவர்களில் நீ ஒருத்தன்தான். உன்னிடம் வருகிறவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டே, உன் வயிறு காலியாக இருப்பதை மறந்துவிடாதே. உன்னால் முடியாததை முடியாது என்று அன்றைக்கு வசந்தாவிடம் சொன்னாயே, அதை எப்போதும் சொல். படித்து முடித்துப் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்தாலும் சரி, குடிக்கிறவர்கள் மத்தியில் உட்கார்ந்தாலும் சரி, ஊரில் யார் கேட்டாலும் இனிமேல் பெயரை முழுசாகச் சொல்வேன். நேற்று சொல்லிப் பார்த்தேன், பால் பூத்துக்காரரிடம். "என் பையன் கவுன்சலிங் சைக்காலஜி படிக்கப் போறான்." அவர், "நல்லதும்மா, எங்க பொண்ணு பரீட்சன்னா வாந்தி எடுக்குது, தம்பி வந்தா சொல்லுங்க" என்றார். இத்தனை வருஷம் இதற்கா பயந்தேன் என்று இருந்தது.

என்னைப் பற்றிக் கவலைப்படாதே என்று எழுத மாட்டேன், அது மறுபடியும் பொய். முதல் ஒரு மாசம் ஏழு மணிக்கு நான் வாசலைப் பார்ப்பேன். பார்த்துவிட்டுப் போகிறேன். வசந்தா சாயங்காலம் வருவதாகச் சொல்லியிருக்கிறாள், மைதானத்துப் பெஞ்சில் அவள் வீட்டுக்காரர் உட்கார்ந்த மாதிரி நானும் கொஞ்ச நாள் உட்கார வேண்டியதுதான். நீ சொல்லித்தான் தெரியும், பேசாமல் உட்கார்ந்திருந்தாலே பாதி சரியாகும் என்று.

இந்த உறைக்குள் மூன்று காகிதம் இருக்கிறது, எடுத்துப் பார். ஒன்று அந்தக் காலண்டர் தாள். சாக்பீஸ் வட்டத்தை ஈரத்துணியால் துடைத்தேன், கொஞ்சம் அழிந்திருக்கிறது, கொஞ்சம் அழியவில்லை. இரண்டாவது, ஒரு நாள் தாமதமாகக் கையெழுத்துப் போட்ட படிவம். மூன்றாவதை நேற்றுதான் வாங்கினேன். உன் மேஜைமேல் இருந்த கடிதத்தில் சேர வேண்டிய தேதியைப் பார்த்துக்கொண்டு, பஸ் ஏறி ஆவடி ஸ்டேஷனுக்குப் போய், ரிசர்வேஷன் கவுண்டரில் நின்றேன். பாரத்தில் உன் பெயர், வயசு எல்லாம் நானே எழுதினேன். சென்ட்ரலில் இருந்து கோயம்புத்தூருக்கு, ஜன்னல் ஓரம். அந்த வண்டி ஆவடியில் நிற்காதாம். நிற்காவிட்டால் பரவாயில்லை, நம் குவார்ட்டர்ஸ் பக்கத்து பிளாட்பாரத்தில் நான் நிற்பேன், நீ கையை மட்டும் வெளியே நீட்டாமல் உள்ளிருந்தே ஆட்டு.

கவுண்டரில் இருந்த பெண் டிக்கெட்டைத் தரும்போது, "திரும்பி வர்றதுக்கும் சேத்துப் போட்றட்டாமா?" என்று கேட்டாள்.

"பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்குத்தான் எட்டு வயசிலேயே தெரியுமே.

அம்மா